எம்எக்ஸ்-5 ஒரு பக்கமாக இழுக்கிறதா? அலைன்மென்ட் கடைக்கு ஓடும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்றதும் நேரே வீல் அலைன்மென்ட் கடைக்குப் போவதுதான் புதிதாக எம்எக்ஸ்-5 (மாஸ்டாவின் சிறிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்வது. பணம் போகும், இழுவை போகாது, இன்னொரு கடைக்குப் போவார்கள். அங்கே இருக்கும் இயந்திரம் சக்கரங்களின் கோணத்தை மட்டும்தான் அளக்கும். உள்ளே கோணலாக இருக்கும் டயரோ, விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக்கோ அதன் திரையில் தெரியாது. இதைவிட மோசம், கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்து கேம்பரை (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) கொஞ்சம் திருகி இழுவையை மறைத்துவிடுவது. அடுத்த முறை புது டயர் போட்டதும் கார் எதிர்ப்பக்கம் இழுக்கத் தொடங்கும், அப்புறம் எங்கே தொடங்கியது என்றே யாருக்கும் தெரியாது.

அதனால் வரிசைதான் முக்கியம். செலவில்லாதது, திரும்பப் பழையபடி வைக்கக்கூடியது முதலில். போல்ட்டைத் திருகுவது கடைசியில். இங்கே சொல்வது பெரும்பாலும் 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 பற்றியது, அதாவது என்ஏ, என்பி. இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் தாங்கும்), முன்னும் பின்னும் ஒரே அளவு டயர், பின்சக்கர டிரைவ். வேறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தாலும் வரிசை இதேதான், சில இடங்களில் மட்டும் மாறும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

நல்ல பிரஷர் கேஜ் ஒன்று, ஜாக், குறைந்தது இரண்டு ஸ்டாண்டு, சக்கரக் கட்டைகள், டார்க் ரெஞ்ச், அளவு நாடா, தூரத்திலிருந்து வெப்பம் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். பிரேக் மிதிக்கவும் சக்கரத்தை ஆட்டவும் கூட ஒரு ஆள். ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மூன்றாவது சோதனைக்கு வரும்போது முதல் சோதனையில் எந்தப் பக்கம் இழுத்தது என்பது மறந்து போயிருக்கும்.

ஜாக்கை முன்னால் கிராஸ்மெம்பரின் (குறுக்கே ஓடும் அடிச்சட்டம்) நடுவிலும், பின்னால் டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிடும் பெட்டி) அடியிலும் கொடுங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டு விளிம்பு சுலபமாக மடங்கிவிடும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

2. எப்போது இழுக்கிறது என்று பிரித்தெழுதுங்கள்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். காலியான, நேரான சாலையில் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பாருங்கள். கையை முழுதாக எடுக்க வேண்டாம், விரல் வளையத்தைச் சுற்றியே இருக்கட்டும்.

சீராகப் போகும்போதும், நியூட்ரலில் உருளவிட்டாலும் ஒரே மாதிரி இழுத்தால் டயர், ஒட்டும் பிரேக், முன் சக்கரக் கோணம் மூன்றில் ஒன்று. பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக் அல்லது முன் கீழ் ஆர்மின் புஷ் (ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர்). ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம் என்று நடந்தால் முன்பக்கத்தை மறந்துவிட்டுப் பின்னால் போங்கள். வளைவில் திரும்பி முடித்த பிறகு, திரும்பிய பக்கமே கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்தால் எங்கோ ஒரு மூட்டு இறுகியிருக்கிறது.

கார் நேராகத்தான் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் சாய்ந்து நிற்கிறது என்றால் அது இழுவையே அல்ல. பின் சக்கரங்கள் காரை ஒரு கோணத்தில் தள்ளுகின்றன, அல்லது டை ராடுகளை (ஸ்டீயரிங்கை முன் சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகள்) சமமாக வைக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம், கடைக்காரரிடமும் 'இழுக்கிறது' என்றே சொல்லி அவரையும் குழப்பிவிடுவார்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள். கிளம்பியதும் சரியாக இருந்து, ஓட ஓட இழுவை கூடுகிறதா? கூடினால் பிரேக்தான் முதல் சந்தேகம். இழுவை தொடங்குவதற்குச் சற்று முன் காரில் எதையாவது மாற்றினீர்களா, பள்ளத்தில் விட்டீர்களா, நடைபாதைக் கல்லில் சக்கரம் இடித்ததா? பல நேரங்களில் பதில் இதிலேயே இருக்கும்.

3. சாலையை விலக்கிவிடுங்கள்

மழைநீர் வழிந்தோட எல்லாச் சாலையும் ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். பிரிட்டனில் இது காரை இடது ஓரத்துக்குத் தள்ளும், கனடாவில் வலது ஓரத்துக்கு. எம்எக்ஸ்-5 லேசான கார், ஸ்டீயரிங் கூர்மையானது, அதனால் சரிவைக் கையில் நன்றாகவே சொல்லும். அகலமான டயர் போட்டிருந்தால் லாரிகள் உண்டாக்கிய தடத்திலும் விழுந்து எழும்.

சோதிப்பது எளிது. அதே சாலையில் எதிர்த் திசையிலும் ஓட்டுங்கள், முடிந்தால் பெரிய காலி வாகன நிறுத்தத்தில் இரு திசையிலும் உருளவிட்டுப் பாருங்கள். எந்தத் திசையில் போனாலும் சாலையின் ஓரத்தை நோக்கியே லேசாகப் போனால் அது சரிவு. சமதளத்தில், இரு திசையிலும் காரின் ஒரே பக்கம் இழுத்தால்தான் அடுத்த படி.

4. காற்று

டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் ஒரே கேஜில் பாருங்கள். என்ஏ-வுக்குத் தயாரிப்பாளர் சொல்வது 26 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்கில் கேட்டால் பழக்கதோஷத்தில் 32-க்கு மேல் ஏற்றிவிடுவார்கள், இவ்வளவு லேசான காருக்கு அது அதிகம். உங்கள் காரின் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

முன்னால் ஒரு சக்கரத்தில் காற்று குறைந்தால் அந்தப் பக்கம் உருள்வதற்குத் தடை கூடும், கார் அந்தப் பக்கமே போகும். காற்றைச் சரிசெய்தவுடன் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். ஒரே நாளில் காற்று, டயர், பிரேக் மூன்றையும் சரிசெய்துவிட்டு எது காரணம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

5. டயரை இடம் மாற்றிப் பாருங்கள்

இதைச் செய்யாமல் அலைன்மென்ட்டுக்குப் போவதுதான் நான் பார்க்கும் மிகப் பொதுவான தவறு. டயருக்குள் இருக்கும் எஃகுப் பெல்ட், செய்யும்போதே கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்துவிட்டால் வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் வாய் அகன்று அடி குறுகிய டம்ளரைத் தரையில் உருட்டினால் வளைந்து போவது போல, அந்த டயர் எப்போதும் ஒரு பக்கம் போகப் பார்க்கும். புத்தம்புது டயரிலும் இது வரும், 'போன மாதம்தான் போட்டேன்' என்பது அதை விடுவிக்கக் காரணம் ஆகாது.

முன் இரண்டு சக்கரங்களையும் இடம் வலம் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். இழுவையும் பக்கம் மாறினால் டயர்தான். அதே பக்கம் நீடித்தால் முன் டயர்களை விட்டுவிடலாம். இழுவை காணாமல் போய்விட்டாலும் டயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பக்கவாட்டில் சுழலும் திசை காட்டும் அம்புக்குறி இருக்கும் டயர் என்றால் இடம் வலம் மாற்றாதீர்கள். அதே பக்கத்தில் முன் டயரைப் பின்னும், பின் டயரை முன்னும் போடுங்கள், எம்எக்ஸ்-5இல் அளவு ஒன்றே என்பதால் இது நடக்கும். போர்ஷே 911 மாதிரி பின்னால் அகல டயர் போட்ட கார்களில் இந்த வழி கிடையாது.

சக்கரத்தைக் கழற்றும்போதே டயரின் உள் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும், உள் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். இது பிறகு அலைன்மென்ட் தாளைப் படிக்கும்போது உதவும், எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டுகளை 89 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

6. பிரேக் ஒட்டுகிறதா

நின்று நின்று ஓடும் வார இறுதிக் கார்களுக்கு வரும் நோய் இது. பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள், கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல், உருண்டு வந்து நில்லுங்கள். உடனே தெர்மாமீட்டரை எடுத்து நான்கு டிஸ்க்கையும் அளந்து எழுதுங்கள். பளபளப்பான உலோகத்தில் இந்தத் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும், அதனால் பேட் உரசும் பளபளப்பான இடத்தைக் குறிவைக்காமல் நடுவில் துருப்பிடித்த பகுதியை, நான்கிலும் ஒரே இடமாகப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் இருப்பது இயல்பு. இடமும் வலமும் தெளிவாக வேறுபட்டால்தான் சிக்கல்.

திசையைக் கவனியுங்கள். பிரேக் தொடாதபோது கார் இழுத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கம்தான் இழுக்கும். பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தால் பழுது பெரும்பாலும் எதிர்ப்பக்கம். வலது காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) இறுகிப்போய் வேலை செய்யாவிட்டால் ஒழுங்காகப் பிடிக்கும் இடது பக்கம் காரை இழுக்கும். 'இடது பக்கம் இழுக்கிறது, அதனால் இடது காலிப்பரை மாற்றினேன்' என்று நல்ல காலிப்பரைக் கழற்றிப் போட்டவர்கள் நிறைய.

ஒட்டும் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பிளீடர் நிப்பிளை, அதாவது காலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் சின்னத் திருகை, கால் சுற்றுத் திறங்கள் (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பெயிண்ட்டை அரிக்கும்). ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று அர்த்தம்: ஒரே சக்கரத்தில் என்றால் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்ட ரப்பர் ஹோஸ்தான் பெரும்பாலும் காரணம். நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால் பிஸ்டனோ காலிப்பர் நகரும் பின்னோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது. நிப்பிளை மூடியதும் ஆயில் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் காற்று எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பின் காலிப்பரைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹேண்ட்பிரேக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுக் காலிப்பரில் கேபிள் மாட்டியிருக்கும் சின்ன நெம்புகோலைப் பாருங்கள். அது முழுதாகத் திரும்பி நிறுத்தத்தில் போய் உட்கார வேண்டும். பாதியில் நின்றால் கேபிள் அல்லது காலிப்பர் இறுகியிருக்கிறது. பின் சக்கரம் டிஃபரென்ஷியலையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருப்பதால் முன் சக்கரம் போல லேசாகச் சுழலாது, இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டால் போதும்.

பிஸ்டன் இடைவெளியைச் சரிசெய்ய காலிப்பரின் பின்னால் 14 மி.மீ. தலை உள்ள ஒரு போல்ட் மூடியாக இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போடும் திருகு. முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள், பிறகு சக்கரம் நகராத வரை திருகை இறுக்கி மூன்றில் ஒரு சுற்றுத் திரும்ப விடுங்கள், கேபிளைக் கடைசியில் சரிசெய்யுங்கள். வரிசையை மாற்றிக் கேபிளை முதலில் இறுக்கினால் நீங்களே புதிதாக ஒரு ஒட்டும் பிரேக்கை உண்டாக்கிவிடுவீர்கள்.

7. ஆட்டமும் வளைவும்

முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இரு பக்கமும் பிடித்து. மேல் கீழாக ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் குண்டு மூட்டு). கூட இருப்பவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் முனையைப் பாருங்கள்.

ரப்பர் புஷ்களை நெம்புகோல் கொடுத்து அசைத்துப் பாருங்கள். கிழிந்த புஷ்ஷில் பிரேக் அடிக்கும்போது கீழ் ஆர்ம் பின்னால் நகரும், அந்தப் பக்கத்தின் காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன் விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அந்த நொடியில் மாறிவிடும். கடை இயந்திரத்தில் நிற்கும்போது எல்லா எண்ணும் சரியாகத்தான் இருக்கும்.

புஷ் புதிதாக மாற்றிய பிறகு இழுவை வந்ததா? சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொண்டு, காரை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒரு பக்கம் உயரமாகவும் நிற்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள்.

அப்படியே சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு இடத்திலும் அளந்து எழுதுங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருக்கலாம், தட்டுக்குள் உட்கார்ந்திருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

8. ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறதா

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் இருக்கும் காரில் முன் சக்கரங்கள் காற்றில் இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து கையை எடுங்கள். ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் திரும்பினால் ஸ்டீயரிங் ரேக்கில் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) ஆயிலைப் பங்கிடும் வால்வு சமமில்லை. டயரோ கோணமோ இதற்குப் பொறுப்பல்ல. அரிதுதான், ஆனால் இரண்டு நிமிட வேலை.

9. பின்பக்கம்

ஆக்சிலரேட்டரோடு திசை மாறும் இழுவைக்கு இங்கே வாருங்கள். பின் கீழ் ஆர்மில் இருக்கும் கேம் போல்ட்டுகள், அதாவது திருகினால் ஆர்மை நகர்த்தும் மையம் விலகிய வட்டம் கொண்ட போல்ட்டுகள்தான் பின் சக்கரத்தின் கேம்பரையும் டோவையும் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று தளர்ந்திருந்தாலும் மிதிக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் திரும்பும், காலை எடுத்தால் மறுபக்கம். கேம் வட்டத்துக்கும் சட்டத்துக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (இரு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) உள்ள கார் என்றால் பின் டயர் இரண்டையும் நாடாவால் சுற்றி அளக்கவும். ஒன்று 8 மி.மீ. ஆழமுள்ள புது டயர், மற்றது 3 மி.மீ.க்குத் தேய்ந்தது என்றால் சுற்றளவில் 30 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். பூட்டிக்கொள்ளும் டிஃபரென்ஷியல் பெரிய டயரை அதிக தூரம் உருட்டிக் காரைச் சிறிய டயர் பக்கம் தள்ளும். பஞ்சருக்கு ஒரே ஒரு டயர் மாற்றியவர்கள் இதைத் தேடாமல் எங்கெங்கோ தேடுவார்கள்.

10. இப்போது அலைன்மென்ட்

போகும் முன் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியைக் காலி செய்யுங்கள், அளக்கும்போது டிரைவர் இருக்கையில் உங்கள் எடைக்கு மணல் மூட்டையோ நீங்களோ இருக்க வேண்டும். ஒரு டன் அளவே உள்ள காரில் ஒரு ஆளின் எடை கேம்பரை அசைக்கும்.

கையில் தரும் தாளில் எண்கள் பச்சையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது போதாது. அனுமதிக்கும் இடைவெளி அகலமானது. இடது சக்கரம் அதன் கீழ் விளிம்பிலும் வலது மேல் விளிம்பிலும் இருந்தால் இரண்டும் பச்சைதான், கார் இழுக்கும். இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். காஸ்டர் குறைவாக உள்ள பக்கமும், கேம்பர் அதிகம் பாசிட்டிவாக (சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாய்ந்து) உள்ள பக்கமும் காரை இழுக்கும். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். முன் டோ தவறினால் டயர் தேயும், ஸ்டீயரிங் அலையும், ஆனால் இரு பக்கமும் தானாகப் பங்கிட்டுக்கொள்வதால் நிலையான இழுவைக்கு அது காரணமாவது குறைவு. 'டோ வைத்துவிட்டேன், சரியாகிவிடும்' என்றால் நம்ப வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு கணிப்பு வேண்டுமா? ரிம்மில் நேரான கட்டையைச் சாய்த்து, போனின் லெவல் செயலியால் கேம்பரைப் படிக்கலாம். சக்கரத்தை 20 டிகிரி உள்ளேயும் 20 டிகிரி வெளியேயும் திருப்பிப் படித்த இரண்டு கேம்பரின் வித்தியாசத்தை 1.5ஆல் பெருக்கினால் காஸ்டர். கடை எண்ணுக்கு ஈடாகாது, ஆனால் இடமும் வலமும் வேறுபடுகிறதா என்று சொல்லிவிடும். காரை ஜாக்கிலிருந்து இறக்கியதும் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் தரையில் மடிந்து நின்று பொய் சொல்லும்.

சரிசெய்யும் வரிசை: பின் கேம்பர், பின் டோ, முன் காஸ்டர், முன் கேம்பர், கடைசியில் ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி முன் டோ. பின் சக்கரங்கள் காட்டும் திசையில்தான் கார் போகும் என்பதால் அது முதலில். கேம்பரையும் காஸ்டரையும் தொட்டால் டோ மாறிவிடும் என்பதால் முன்னும் பின்னும் டோ அவற்றுக்குப் பிறகு. முன் கீழ் ஆர்முக்கு ஒரு பக்கம் இரண்டு கேம் போல்ட். இரண்டையும் ஒரே திசையில் நகர்த்தினால் கேம்பர், எதிரெதிராக நகர்த்தினால் காஸ்டர். சாலைச் சரிவை ஈடுகட்ட வேண்டுமென்றே இடம் வலம் காஸ்டரை மாற்றி வைப்பவர்கள் உண்டு. இந்தக் காருக்கு நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன், இரு பக்கமும் சமமாக வைப்பதே நல்லது.

பிரிட்டன், கனடா போலக் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் நாடுகளில் இந்தக் கேம் போல்ட்டுகள் புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். கடைக்காரர் 'டோ மட்டும்தான் முடியும்' என்று சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். முன்பதிவு செய்யும் முன்பே ஒவ்வொரு நட்டையும் தளர்த்தி, போல்ட் தலை தனியாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் சில நாள் துரு நீக்கும் ஆயில் ஊற்றி முயலலாம். அதற்கும் அசையாவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், புது போல்ட்டும் புஷ்ஷும் கையில் வரும் வரை ரம்பத்தைத் தொடாதீர்கள்.

11. எல்லாம் சமம், இன்னும் இழுக்கிறது

முன் கேம்பர் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் அதே அளவு குறைந்திருந்தால் முன் சப்ஃபிரேம் (சஸ்பென்ஷன் பொருத்தியிருக்கும் அடிச்சட்டம்) பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம், அதன் போல்ட் அடையாளங்களைப் பாருங்கள். முன், பின் சக்கர நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்து, கேம் போல்ட்டால் அதை நேராக்க முடியவில்லை என்றால் கார் எப்போதோ அடிபட்டிருக்கிறது. அங்கிருந்து வேலை சட்டத்தை அளக்கும் பெஞ்ச் வைத்திருக்கும் பாடி ஷாப்புடையது, இதுவரை எழுதிய நோட்டையும் அலைன்மென்ட் தாளையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.